சிவப்புப் பட்டையில் ஒரு கேள்விக்குறி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ டிவியில வேலை பார்த்தவன்தானே, இருபது நிமிஷம் பேசு" என்றார். "எதைப் பத்தி அண்ணே?" என்றேன். "செய்தி வாசிக்கிறாங்களே, அதைப் பத்திப் பேசு. எங்க வீட்டுல எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னது சரி. நான் 2009-ல் இந்தக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் என்ஜினீயராகச் சேர்ந்தேன். கல்யாண வீடோ, காது குத்தோ, எங்கே போனாலும் இரண்டே கேள்விகள்தான். "குனிஞ்சு பார்க்காம எப்படித் தம்பி மடமடன்னு வாசிக்கிறாங்க?" என்பது ஒன்று. "அந்தப் பொண்ணுக்குப் புடவை யார் வாங்கித் தர்றா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். இரண்டாவது நிர்வாகத்துறை சம்பந்தப்பட்டது. (சிரிப்பு)

இன்று முதல் கேள்வியில் தொடங்கி, யாரும் என்னிடம் கேட்காத ஒரு விஷயத்தில் முடிக்கப்போகிறேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா

முதலில் டெலிபிராம்ப்டர். நம்முடைய பிசிக்ஸ் லேபில் பார்த்த சமாசாரம்தான். கேமரா லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை 45 பாகை சாய்த்து வைத்திருப்பார்கள். அதன் கீழே படுக்கை வசத்தில் ஒரு திரை. அதில் செய்தி இடவலமாகத் திரும்பிய எழுத்தில் ஓடும். கண்ணாடியில் பிரதிபலிக்கும்போது நேராகிவிடும். வாசிப்பவருக்கு எழுத்து தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணியால் மூடியிருக்கும் கேமராவுக்கு வாசிப்பவர் மட்டும் தெரிவார். 1950-ல் அமெரிக்காவில் நடிகர்களுக்கு வசனம் காட்ட வந்த ஏற்பாடு இது. பிறகு செய்திக்கும் அரசியல் மேடைக்கும் வந்து சேர்ந்தது.

எழுத்தை ஓட்டுவதற்குத் தனியாக ஒரு ஆள் உண்டு. அவர் வாசிப்பவரின் வேகத்துக்கு எழுத்தை ஓட்டவேண்டுமே தவிர, எழுத்தின் வேகத்துக்கு வாசிப்பவர் ஓடக்கூடாது. புதிதாக வருகிற ஆபரேட்டருக்கு இது புரியச் சில நாள் ஆகும். அதுவரை செய்தி ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. வாசிப்பவரின் கண் இடமும் வலமும் அலைவது தெரியக்கூடாது என்பதற்காக எழுத்துப் பத்தியைக் குறுகலாக வைப்பார்கள். ஆங்கிலத்தில் வரிக்கு நாலைந்து சொல் வரும். தமிழில் "நெடுஞ்சாலைத்துறையினருக்கு" என்று ஒரு சொல் வந்தால் அந்த வரி அதோடு முடிந்தது. இலக்கங்கள் இன்னும் மோசம். 1,05,000 என்று அடித்துவைத்தால், அதைப் பார்த்து ஒரு லட்சத்து ஐயாயிரமா, ஒரு லட்சத்து ஐம்பதாயிரமா என்று மனசு ஒரு கணம் தடுமாறும். நேரலையில் அந்த ஒரு கணம் ரொம்பப் பெரிது. அதனால் நல்ல டெஸ்க் என்றால் இலக்கத்தை எழுத்தாலேயே எழுதிக் கொடுக்கும்.

நான் சேர்ந்த புதிதில் பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாறிக்கொண்டிருந்தோம். பழைய முறையில் 'கொ' என்பதற்குக் கொம்பை முதலில் அடித்து, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் மெய்யெழுத்து முன்னால், உயிர்க்குறி பின்னால். மாற்றுகிற மென்பொருள் கொஞ்சம் பிசகினால் கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடும். ஒரு நாள் காலைச் செய்தியில் பிராம்ப்டர் முழுக்கக் கொம்பும் காலும் தனித்தனியாகத் திரிந்தன. வாசித்தவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மேஜைமேல் இருந்த தாளை எடுத்தார், குனிந்து வாசித்தார், முடித்தார். மேஜைமேல் தாள் இருப்பது அழகுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழகுக்கு அல்ல, ஆபத்துக்கு என்று அன்றைக்குத் தெரிந்தது.

காதில் ஒரு சந்தைக்கடை

அடுத்தது காது. வாசிப்பவர் காதில் ஒரு சிறிய இயர்பீஸ் இருக்கும். பி.சி.ஆர். என்கிற கட்டுப்பாட்டு அறையிலிருந்து தயாரிப்பாளர் அதில் பேசுவார். "அடுத்து விழுப்புரம் லைவ், லைன் கிடைக்கல, விருதுநகருக்குப் போங்க, இருபது செகண்ட் இழுங்க, பத்து, ஒன்பது, எட்டு..." இது காதில் ஓட, வாயில் வேறு ஒரு வாக்கியம் ஓடவேண்டும். வீட்டில் உட்கார்ந்து "இந்த அம்மா ஏன் முறைக்கிற மாதிரி பார்க்குது?" என்கிறோம். அந்த நேரத்தில் அவர் காதில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நிருபரிடம் கேள்வி கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத் தலையாட்டுகிறாரே, அதற்கும் காரணம் உண்டு. துணைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிக்னல் ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் விநாடி ஆகும். இரண்டு முனையிலும் படத்தைச் சுருக்கி விரிக்கிற தாமதம் அதற்குமேல். முதுகில் மாட்டிக்கொள்ளும் 4ஜி கருவிகள் வந்தபிறகு ஓ.பி. வேன் செலவு குறைந்தது, தாமதம் குறையவில்லை.

புடவை பற்றிக் கேட்டவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்னக் கட்டம், நெருக்கமான கோடு போட்ட துணி கேமராவுக்கு ஆகாது. அலையலையாக நெளியும். கெட்டி ஜரிகை விளக்கில் பளீரென்று அடிக்கும். கண்ணாடி வளையல் மேஜையில் பட்டால் மைக்கில் ஆலயமணி மாதிரி கேட்கும். கழுத்துச் சங்கிலி மைக்கில் உரசினால் யாரோ பக்கத்தில் முறுக்குத் தின்கிற சத்தம் வரும். பின்னணியில் பச்சைத் திரை வைத்து வேறு படம் பொருத்துகிற நாளில் கிளிப்பச்சைப் புடவை கட்டி வந்தால், முகமும் கைகளும் மட்டும் சட்டசபை வளாகத்தின்மேல் மிதக்கும். மனிதத் தோலில் பச்சை குறைவு, கேமரா சென்சாரில் பச்சைக்கான புள்ளிகள் அதிகம். அதனால்தான் பச்சைத் திரை. தோலைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு, புடவையைக் காப்பாற்றாது. (சிரிப்பு)

முகம் வந்த கதை

செய்திக்கு முகம் வந்ததே தாமதமாகத்தான். லண்டனில் பி.பி.சி. 1954 ஜூலை 5-ஆம் தேதி தொலைக்காட்சிச் செய்தியைத் தொடங்கியபோது, ரிச்சர்ட் பேக்கர் வாசித்தார். ஆனால் அவர் முகத்தைக் காட்டவில்லை. வாசிப்பவரின் முகபாவம் செய்திக்குச் சாயம் பூசிவிடும் என்று பயந்தார்கள். மறு வருடம் செப்டம்பர் 22-ல் போட்டிக்கு ஐ.டி.என். வரப்போகிறது என்றதும், அதே மாதம் 4-ஆம் தேதி கென்னத் கெண்டல் முகத்தோடு வந்தார். போட்டி வந்தால் கொள்கை இளகும் என்பதற்கு அன்றே சாட்சி இருக்கிறது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. எங்கள் தாத்தா காலத்துச் செய்தி என்றால் ஒரு மேஜை, ஒரு வெறும் சுவர், ஒரு வணக்கம். ஷோபனா ரவி அவர்கள் வாசித்ததைப் பற்றி எங்கள் வீட்டுப் பெண்கள் இன்றும் பேசுவார்கள். சொல் ஒவ்வொன்றும் முழுசாக விழும். அந்த நிதானத்தில் ஒரு மரியாதை இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவன் புத்திசாலி, அவனே புரிந்துகொள்வான் என்கிற மரியாதை.

அந்தக் காலத்தை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். 1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி சுடப்பட்டது காலையில். அவர் இறந்த செய்தியை பி.பி.சி. பகலிலேயே சொல்லிவிட்டது. தூர்தர்ஷனில் சல்மா சுல்தான் வாசித்தது மாலையில்தான். காதோரம் ரோஜாவும் கண்ணியமான குரலுமாக அவர் வாசித்ததை நாடே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் நிதானம் வேறு, வாயைக் கட்டிவைப்பது வேறு.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. 2000-ல் இருபத்துநாலு மணிநேரத் தமிழ்ச் செய்தி வந்தது. 2011 ஆகஸ்ட் 24-ல் புதிய தலைமுறை வந்தபின் ஸ்டுடியோவின் அமைப்பே மாறியது. 'வாசிப்பவர்' போய் 'ஆங்கர்' வந்தார். மேஜை போய்ப் பெரிய வீடியோ சுவர் வந்தது. முன்பு மேலே கோட்டும் கீழே ரப்பர் செருப்புமாக உட்கார்ந்து வாசித்தவர்கள் எழுந்து நடக்க ஆரம்பித்தார்கள், ஷூ வாங்கவேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலன்று திரையின் அடியில் ஓடத் தொடங்கிய வரி, பிறகு நிற்கவேயில்லை. நம் ஊருக்கும் அது வந்தது. வரி ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. பக்கவாட்டில் ஒரு கட்டம், மேலே கடிகாரம், நடுவில் கொஞ்சம் செய்தி.

அந்தப் பட்டைகளுக்கு எங்கள் தொழிலில் 'ஆஸ்டன்' என்று பெயர். ஆஸ்டன் என்பது திரையில் எழுத்துப் போடுகிற கருவி செய்த ஒரு கம்பெனி. கருவி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது, நகல் எடுப்பதை 'ஜெராக்ஸ்' என்று சொல்வது மாதிரி. அந்த ஆஸ்டன் டெம்ப்ளேட்டுகளை அமைப்பதுதான் என் முக்கிய வேலை. எந்த அகலம், எத்தனை எழுத்து, எந்த நிறம், எப்படி உள்ளே வரும், எப்படி வெளியே போகும் என்பதெல்லாம் நான் முடிவு செய்தது. பிரேக்கிங் செய்திக்கு வெள்ளை எழுத்தில் சிவப்புப் பட்டை. கூடவே ஒரு 'டம்' என்கிற சத்தம். அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். நாலு சத்தம் போட்டுக் காட்டினேன். இருப்பதில் அதிகம் வயிற்றைப் பிசைகிறது எது என்று எல்லோருமாகச் சேர்ந்து எடுத்தோம்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் சொல்லவேண்டும், தயவுசெய்து கவனியுங்கள். பட்டையில் இடம் கொள்ளாத அளவுக்கு வரி நீண்டுவிட்டால் என்ன செய்வது? இரண்டு வழி. ஒன்று, எழுத்தை நெருக்கிச் சுருக்குவது. மற்றொன்று, கொள்ளாததை வெட்டிவிடுவது. தமிழ் எழுத்தை நெருக்கினால் புள்ளி மறையும், சுழி அடைபடும், படிக்க முடியாது. ஆகவே நான் வெட்டுவதைத் தேர்ந்தெடுத்தேன். கடைசி எழுத்து வெட்டுப்பட்டால் ஆபரேட்டர் கண்ணில் படும், வரியைச் சுருக்கி அடிப்பார் என்பது என் கணக்கு. காகிதத்தில் சரியான கணக்கு.

2015 டிசம்பர்

2015 டிசம்பர் முதல் தேதி சென்னையில் பெய்த மழையை இங்கே பலர் அனுபவித்திருப்பீர்கள். மறுநாள் காலை வரையிலான இருபத்துநாலு மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரைபுரண்டது. செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததை எழுத்தால் எழுதி பிராம்ப்டரில் ஏற்றியது நினைவிருக்கிறது. எங்கள் அலுவலகம் ஜெனரேட்டரில் ஓடியது. வீட்டுக்குப் போக வழியில்லை. மூன்று நாள் அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். ஒரு புது வாசிப்பாளர் களைப்பில் 'வெள்ளம்' என்பதை 'வெல்லம்' என்று வாசித்துக்கொண்டே போனார். "ஊருக்குள் வெல்லம் புகுந்தது" என்று கேட்டு அந்த நிலையிலும் சிரித்தோம்.

என் அப்பாவும் அம்மாவும் முடிச்சூர் பக்கம் குடியிருந்தார்கள். கீழ்வீட்டில் தண்ணீர் ஏறியதும் மாடி வீட்டுக்காரர்கள் மேலே கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் பேசியபோது, "நாங்க பத்திரமா இருக்கோம், நீ வேலையைப் பாரு" என்று அம்மா சொல்லியிருந்தாள். அதற்குப்பிறகு லைன் கிடைக்கவில்லை.

டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணி இருக்கும். யாரோ யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது எங்கள் டெஸ்க்குக்கு வந்தது. பக்கத்து ஏரியின் கரை உடைந்துவிட்டதாம். உறுதி செய்ய ஆள் இல்லை, போன் இல்லை. வேறு யாராவது முந்திவிட்டால்? எல்லா டெஸ்க்கும் செய்வதை எங்கள் டெஸ்க்கும் செய்தது. ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. "தாம்பரம் அருகே நிரம்பி வழியும் ஏரியில் பெரும் உடைப்பு?" என்று அடித்துச் சிவப்புப் பட்டையில் ஏற்றினார்கள்.

வரி கொஞ்சம் நீளம். பட்டை கொஞ்சம் குட்டை. சரியாக ஒரே ஒரு எழுத்துக்கு இடம் பற்றவில்லை. என் டெம்ப்ளேட் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி செய்தது. கேள்விக்குறியை வெட்டியது.

"தாம்பரம் அருகே நிரம்பி வழியும் ஏரியில் பெரும் உடைப்பு." டம்.

கடைசி எழுத்து வெட்டுப்பட்டால் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டேன் அல்லவா? கேள்விக்குறி வெட்டுப்பட்டால் படாது. மிச்சம் இருப்பது ஒழுங்கான, முழுமையான வாக்கியம். நானும் பி.சி.ஆரில்தான் நின்றுகொண்டிருந்தேன். நானும் பார்த்தேன். எனக்கும் படவில்லை. பதினொரு நிமிடம் அது திரையில் இருந்தது.

முடிச்சூரில் கரண்ட் இல்லை, டிவி ஓடவில்லை. ஆனால் திருச்சியில் என் அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அடித்துப் பிடித்து அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். எனக்குக் கிடைக்காத லைன் அவருக்குக் கிடைத்தது. "ஏரி உடைஞ்சிடுச்சாம் அண்ணி! உங்க புள்ள டிவியிலயே போட்டுட்டான்!" அம்மாவுக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மாடியில் பத்திரமாக இருந்தவர்கள், மாடியும் மூழ்கிவிடும் என்று பயந்து, அப்பாவைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு, இருட்டில், முழங்காலுக்குமேல் தண்ணீரில், மெயின் ரோட்டைப் பார்த்து நடந்திருக்கிறார்கள். திறந்து கிடந்த வடிகால் தெரியவில்லை. அப்பா விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. தெருப்பையன்கள் இரண்டு பேர் ஒரு கதவைக் கழற்றி அதில் அவரைப் படுக்கவைத்துத் தூக்கிப்போனார்கள். அந்தப் பையன்கள் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இது எனக்குத் தெரிந்தது மறுநாள் மத்தியானம். ஆஸ்பத்திரியில் அப்பா என்னைத் திட்டவில்லை. "உங்க டிவியிலதானேடா சொன்னாங்க" என்று மட்டும் கேட்டார். கேள்விக்குறி இருந்தது, வெட்டுப்பட்டுவிட்டது என்று விளக்கினேன். அதற்கு அப்பா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "சரி, வெட்டுப்படாம இருந்திருந்தா மட்டும், உங்க அத்தை கேள்விக்குறியைப் போன்ல எப்படிடா சொல்லியிருப்பா?"

நான் என்ஜினீயர். தவறு அகலத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தமிழ் வாத்தியார். தவறு எங்கே இருக்கிறது என்று அவர் காட்டினார். கேள்விக்குறிக்குச் சத்தம் கிடையாது. தமிழில் சந்தேகம் கேட்கவேண்டுமானால் 'உடைப்பா' என்று ஓர் 'ஆ' போட்டுக் கேட்கவேண்டும். அப்படி எழுதினால் அதை எந்தப் பட்டையும் வெட்டிவிட முடியாது. ஆனால் 'உடைப்பா' என்று எழுதினால், "எங்களுக்குத் தெரியாது, உங்களையே கேட்கிறோம்" என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதனால்தான் யாரும் அப்படி எழுதுவதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டு, பின்னால் கேட்டால் தப்பித்துக்கொள்ள வைத்திருக்கிற ஓட்டைதான் அந்தக் குறி.

மூன்று தடவை

அன்று ராத்திரி நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். பதினொரு நிமிடம் கழித்துச் செய்தி பொய் என்று தெரிந்தது. பட்டையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நாமே தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார்கள்.

பத்து மணிக்கு ஒரு மூத்த வாசிப்பாளர் உட்கார்ந்தார். தூர்தர்ஷன் காலத்திலிருந்து வாசிப்பவர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. செய்தி தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது டாக்பேக்கில் அவர் குரல் வந்தது. "தம்பி, சிவப்பு பேண்டை எடுங்க. ஸ்க்ரோலையும் நிறுத்துங்க. மியூசிக் வேண்டாம்." தயாரிப்பாளர் "முடியாது மேடம்" என்றார். "அப்போ வேற ஆளை உட்கார வைங்க" என்று சொல்லிவிட்டுக் காதிலிருந்து இயர்பீஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். வேறு ஆள் இல்லை. பட்டையை நான் எடுத்தேன்.

சும்மா ஒரு முகம், ஒரு மேஜை. "வணக்கம். சற்று முன் இந்தத் திரையில் ஓர் ஏரி உடைந்ததாக வந்தது. அது தவறு. ஏரி உடையவில்லை. வீட்டு மாடியில் இருப்பவர்கள் அங்கேயே இருங்கள்." ஒரு மூச்சு விட்டார். மறுபடி அதையே சொன்னார். மறுபடி ஒரு மூச்சு. மூன்றாவது தடவையும் சொன்னார். அதற்குப்பிறகுதான் மற்றச் செய்திகள். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை, கையை ஆட்டவில்லை. நான் எத்தனையோ லட்ச ரூபாய் சாமான்களை ஸ்டுடியோவில் பொருத்தியிருக்கிறேன். அன்று அதில் ஒன்றுகூட ஓடவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த சிறந்த செய்தி வாசிப்பு அதுதான்.

என் பெற்றோருக்கு அது போய்ச் சேரவில்லை. அவர்கள் அதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தார்கள். ஆனால் வேறு யாரோ ஒரு வீட்டில், யாரோ ஓர் அம்மா, வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்ப மாடி ஏறியிருப்பார் என்று நம்புகிறேன்.

பிறகு நான் டெம்ப்ளேட்டை மாற்றினேன். வரி நீளமானால் பட்டை மஞ்சளாகும், திரையில் ஏறாது. கூடவே இன்னொன்றும் செய்தேன். சிவப்புப் பட்டையில் கேள்விக்குறி அடித்தால் அதுவும் ஏறாது. மொத்தமே சில வரி நிரல். டெஸ்க்கில் பெரிய சண்டை. "செய்தியைத் தீர்மானிக்க நீ யாருய்யா?" என்றார்கள். நியாயமான கேள்விதான். நான்கு மாதம் அது அப்படியே இருந்தது. பிறகு, கேள்விக்குறித் தடையை எடுத்துவிடு என்று மேலிருந்து உத்தரவு வந்தது. எடுத்துவிட்டேன். வேலை வேண்டுமே. ஆஸ்பத்திரிக் கடன் இருந்தது. உங்கள்முன் வீரன் மாதிரி பேசிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நீளத் தடை மட்டும் நின்றது. கடன் தீர்ந்த வருடம் அந்த வேலையை விட்டேன். இப்போது ஸ்டுடியோக்களுக்கு விளக்கும் ஒலியும் அமைத்துக் கொடுக்கிற தொழிலில் இருக்கிறேன்.

மாணவர்களுக்கு

இந்நாள் மாணவர்கள் காலையில் என்னிடம், "அண்ணா, இனிமேல் செய்தி வாசிக்க ஏ.ஐ. வந்துடுமா?" என்று கேட்டார்கள். வந்தேவிட்டது. 2018-ல் சீனாவின் ஷின்ஹுவா காட்டியது. 2023-ல் ஒடிசாவில் 'லிசா' வாசித்தது. 2024 மே மாதம் டி.டி. கிசான் இரண்டு பொம்மைகளை உட்காரவைத்தது. அவை தடுமாறுவதில்லை, வளையல் மேஜையில் படுவதில்லை, கொம்பும் காலும் பிரிந்தால் சிரிப்பதில்லை. உச்சரிப்பும் போகப்போகத் திருந்திவிடும். நான் ஒன்றைத்தான் கேட்கிறேன். அந்த ராத்திரி பத்து மணிக்கு அந்த இடத்தில் அது உட்கார்ந்திருந்தால், இயர்பீஸைக் கழற்றி மேஜைமேல் வைத்திருக்குமா?

உங்களில் பலர் என்னைப் போல எதையாவது வடிவமைக்கப் போகிறீர்கள். பட்டையோ, செயலியோ, பாலமோ. இடம் பற்றாதபோது எதை வெட்டுவது என்று ஒரு நாள் நீங்கள் முடிவு செய்யவேண்டி வரும். அது சின்ன முடிவாகத்தான் தெரியும். டீ குடித்துக்கொண்டே எடுத்துவிடலாம் போலிருக்கும். அந்த நேரத்தில், வெட்டியபிறகு மிச்சம் நிற்பது என்ன சொல்கிறது என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முடிந்தால் உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அப்பா இப்போது கைத்தடி வைத்து நடக்கிறார். எட்டு மணிச் செய்தியை இன்றும் விடுவதில்லை. சிவப்புப் பட்டை வந்தால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கடைசியில ஏதாவது இருக்கா பாருடா" என்பார். நான் எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வேன்.

டைம்கீப்பர் இரண்டாவது மணியும் அடித்துவிட்டார். சாப்பாடு ஆறுகிறது.